வழி தெரிந்த சிவானந்தன் அண்ணை

வழி தெரியாதவர்களால் இந்த உலகத்தில் யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததில்லை. அவர்கள் நாலு பேரிடம் கேட்பார்கள், போய்ச் சேருவார்கள். ஆபத்தான இனம் வேறொன்று உண்டு, ஐயா. வழி தெரிந்தவர்கள்! கலியாண வீட்டுக்குப் போகும் காரில் முன் ஆசனத்தைப் பிடித்துக்கொள்பவர், டியூப் வரைபடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மற்றவர்களுக்கு ரயில் மாறும் இடம் சொல்பவர், செத்தவீட்டுக்கென்று புறப்பட்டு யாரோ முன்பின் தெரியாத ஒருவருக்கு மாலை போட்டுவிட்டு வந்து "அதுவும் எங்கட ஆக்கள்தான்" என்று சமாளிப்பவர், எல்லாரும் இந்த இனம்தான். உங்களுக்கும் ஒருவரைத் தெரியும், இல்லையா?

லண்டன் டூட்டிங்கில் எங்களுக்கு வாய்த்தவர் சிவானந்தன் அண்ணை. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு டொக்டர் அவரைக் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார். அதை அவர் உடனே எங்கள் மூன்று பேருடைய பிரச்சினையாக்கிவிட்டார். எனக்கும் யாக்கோப்புக்கும் கணேசலிங்கத்துக்கும் தடித்த டயரும் இருபத்தொரு கியரும் உள்ள மவுண்டன் பைக் வாங்கவைத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் என் கடை வான் வண்டியில் நாலு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு லண்டனுக்கு வெளியே சரே பக்கம் போவது, காட்டுக்குள் மேடு பள்ளம் ஏறி இறங்கி ஓடுவது, கடைசியில் ஒரு கிராமத்துப் பப்பில் போய் இருந்து, குறைத்த கொழுப்பைத் திரும்ப ஏற்றிக்கொள்வது. இதுதான் திட்டம்.

அந்த ஜூன் மாத வெள்ளியில் கணேசலிங்கத்துக்கு மட்டும் ஒரு சிக்கல். மகள் சோதனை எழுதுகிறாள். அவளுக்காகப் பன்னிரண்டு வெள்ளி விரதம் என்று நேர்த்தி வைத்திருந்தார், அன்று பன்னிரண்டாவது. பகல் முழுக்கத் தேத்தண்ணி, பின்னேரம் ஒரே ஒரு மரக்கறிச் சாப்பாடு. வரவே மாட்டேன் என்றவரைச் சிவானந்தன் அண்ணை விடவில்லை.

"பப்பிலை சிப்ஸ் சாப்பிடலாம். மாட்டுக் கொழுப்பு இல்லை, தாவர எண்ணெய்தான், நான் விசாரிச்சனான். குசினி ஒன்பதுக்குத்தான் பூட்டுவாங்கள். நாங்கள் ஏழரைக்கே நிப்பம்."

எந்தப் பப் என்று நாங்கள் கேட்டோமா? கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? புறப்படுகிறவரைப் பார்த்து "எங்கை?" என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பது நம்மவர் சட்டம். வேதக்காரனான யாக்கோப்புகூட அதை மீறமாட்டான். வானால் இறங்கியதும் மரியாதையாக, "தூரமே அண்ணை?" என்று மட்டும் கேட்டான்.

"கிட்டத்தான். வாங்கோ."

வழி தெரிந்தவர் பாதை பிரியும் இடத்தில் நிற்கமாட்டார், கவனித்திருக்கிறீர்களா? நின்றால் யோசிக்கிறார் என்று ஆகிவிடும். சைக்கிளை ஒரு பக்கம் வெட்டிவிட்டு, வெட்டிய பிறகுதான் "இதுதான்!" என்று கத்துவார். அந்தப் பாதை முட்செடிக்குள் போய் முடிந்தால், "காட்சி நல்லம் எண்டு வேணுமெண்டே கூட்டியந்தனான்" என்பார். நாங்கள் அன்று ஐந்து காட்சி பார்த்தோம். ஐந்தும் முட்செடி. கணேசலிங்கத்தின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது.

மூன்றாம் தடவை ஒரு வேலிப் படலையைக் கடந்தபோது யாக்கோப்பு வாயைத் திறந்தான்.

"அண்ணை, இந்த மாட்டை முந்தியும் பாத்தம்."

"அது வேறை மாடு."

"அதே பார்வை பாக்குதண்ணை."

"இஞ்சத்தை மாடெல்லாம் அப்பிடித்தான் பாக்கும்."

எட்டேகாலுக்கு நாயோடு உலாவ வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எதிர்ப்பட்டார். யாக்கோப்பு பொறுக்கமாட்டாமல் பப்புக்கு வழி கேட்டுவிட்டான். அந்த அம்மா எந்தப் பப் என்று கேட்டார், இந்தப் பக்கத்தில் மூன்று இருக்கிறதாம். நாங்கள் மூவரும் சிவானந்தன் அண்ணையைப் பார்த்தோம்.

"பேர் என்னத்துக்கு? வாசலிலை குதிரைப் படம் இருக்கும். கண்டால் தெரியும்."

அந்த அம்மா தன் பின்னால் இருந்த வரைபடப் பலகையைக் காட்டினார். அண்ணை அழகாக நன்றி சொன்னார். பலகையைத் திரும்பியும் பார்க்காமல் மற்றப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கினார். நாங்களும் பின்னாலே இறங்கினோம். எங்களுக்கு மட்டும் புத்தி எங்கே போனது?

ஒன்பது பத்துக்கு ஒரு பப் தெரிந்தது. வாசலில் அன்னத்தின் படம்.

"பாத்தியளே, கொண்டுவந்து சேத்துப்போட்டன்!" என்றார் அண்ணை.

"அண்ணை, குதிரை எண்டியள்?"

"மாத்திக் கீறிப்போட்டாங்கள்."

குசினி பூட்டியாயிற்று. சாப்பிட வேறென்ன உண்டு என்று விசாரித்தால், பன்றித்தோல் பொரியல் பக்கற் மட்டும் இருந்தது. சிவானந்தன் அண்ணை எங்களுக்குப் பியர் வாங்கிக்கொண்டு வந்து, பயணம் சிறப்பாக நிறைவேறியதைப் பற்றி ஒரு சிறிய நன்றியுரையும் ஆற்றினார். கணேசலிங்கம் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு அழுகை வராத குறை. பன்னிரண்டு வாரம், ஐயா!

பார்மன் நல்ல மனிதர். அடுத்த ஊரில் ஒரு சிப்ஸ் கடை பத்து மணிவரை திறந்திருக்கும், தாவர எண்ணெயில்தான் பொரிப்பார்கள் என்று ஊரின் பெயரையும் சொல்லிவிட்டு, வேறு ஆட்களைக் கவனிக்கப் போய்விட்டார். சிவானந்தன் அண்ணையின் கை உடனே மேலே போனது.

"எனக்கு அந்த ஊருக்கு வழி..."

"நீங்கள் பேசாமல் இருங்கோ அண்ணை!" கணேசலிங்கம் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீ பொய் சொல்லமாட்டாய். உனக்கு வழி தெரியுமே?"

அந்த ஊரின் பெயரையே நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். தெரியாது என்பதற்கு ஒரு சொல் போதும், சொல்லியிருந்தால் அவர் பார்மனிடம் கேட்டிருப்பார். ஆனால் ஒருவர் நம்பி வழி கேட்கிறார், பக்கத்தில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் என்ன செய்ய? என் வலது கை கிளாசை விட்டுவிட்டுத் தானாகவே எழும்பியது.

"நேரை போ. ஒரு சேர்ச் வரும். அதிலை இடப்பக்கம் திரும்பு. அஞ்சு நிமிசம்."

பாவி மனிதர் நம்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்தரை மணிக்கு வெறுங்கையோடு திரும்பி வந்தவர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. சேர்ச் என்னவோ இருந்ததாம்.

என்ன, வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்கிறீர்களா? நீங்கள் அந்த ஊருக்குப் போயிருக்கிறீர்களா?