திரையண்ணையின் கயிறு

கனடாவின் மொன்றியலில் தமிழ்க் கலையை வளர்த்ததற்காகப் பொன்னாடை வாங்கியவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். அந்த நூறு பேரிடமிருந்தும் கலையைக் காப்பாற்றியவர் ஒரே ஒருவர்தான். திரையண்ணை என்போம். அவருடைய சொந்தப் பெயர் நிகழ்ச்சி நிரலில்கூட வந்ததில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. இலையுதிர் காலம் வந்தால் நகரமெங்கும் ஓவியம், நாடகம், இசை என்று விழா எடுப்பார்கள். எங்கள் தமிழ்ச் சங்கம் மட்டும் சும்மா இருக்குமா? நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து, பாட்டு, கூத்து, நடனம் எல்லாவற்றையும் ஒரே பிற்பகலில் பேச்சுகளுக்கு நடுவே செருகிவிடுவோம். ஆறு மணிக்குக் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து விளக்கை அணைத்துவிடுவார்.

அங்கே திரை இழுப்பது அண்ணையின் பொறுப்பு. வாரநாட்களில் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. அதனாலோ என்னவோ, அளவுக்கு மிஞ்சிய எதையும் அவருக்குப் பொறுக்காது. ஒருமுறை சரித்திர நாடகத்தில் அம்பு பட்ட அரசர் பத்து நிமிடமாகச் செத்துக்கொண்டிருந்தார். திரை சர்ரென்று மூடியது.

"நான் இன்னும் சாகேல்லை!" என்று உள்ளேயிருந்து அரசர் கத்தினார்.

"மிச்சத்தை வீட்டை போய்ச் சாகுங்கோ," என்றார் அண்ணை.

மறு ஆண்டு ஒரு கவிஞர் உஷாராகத் திரைக்கு வெளியே நின்று வாசித்தார். நாற்பது நிமிடம். அதற்கடுத்த ஆண்டு அண்ணை மைக்கைத் திரைக்கு உள்ளே இரண்டடி தள்ளி வைத்து, அதன் காலைத் தரையோடு ஒட்டிவிட்டார். "வெளியில வைச்சா எக்கோ அடிக்கும்," என்றார். நம்பினோம்.

என் மகள் அபிக்கு அப்போது எட்டு வயது. முந்தைய விழாவில் அவளுடைய நடனம் கடைசி நிகழ்ச்சி. பேச்சு நீண்டு ஆறு மணியாகிவிட, ஆடாமலே சலங்கையோடு காரில் அழுதுகொண்டு வந்தாள். இந்த முறையும் அவள்தான் கடைசி. செயலாளரின் மகளை முன்னால் போட்டால் ஊர் கதைக்குமே! செயலாளர் நான்.

ஐந்தரைக்குத் தலைவர் "இரண்டே வார்த்தை" பேச எழுந்தார். ஐந்தே முக்காலுக்குத் தன் வாழ்க்கை வரலாற்றில் ஐந்தாம் வகுப்பு வரை வந்திருந்தார். பக்கத்து மேசையில் பதினொரு பொன்னாடைகள் காத்திருந்தன. நான் வீரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆறாக எட்டு நிமிடம் இருக்கும்போது அண்ணை, திரையோரத்தில் என்னோடு காத்து நின்ற அபியிடம் குனிந்தார்.

"பிள்ளை, உன்ர டான்ஸ் எவ்வளவு நேரம்?"

"ஏழு மினிட், அங்கிள்."

"அண்ணை, வேண்டாம். தலைவர் கோவிப்பார்," என்றேன்.

"அவர் பேந்து கோவிக்கட்டும். பிள்ளை ரெண்டு வருசமா நிக்குது."

தலைவர் "ஆகவே" என்றபோது திரை மூடியது. சபை தட்டியது பாருங்கள், அப்படியொரு கைதட்டல் அவர் ஆயுளில் வாங்கியதில்லை. தனக்குத்தான் என்று நினைத்து உள்ளே நின்று கும்பிட்டார்.

திரை மறுபடி திறந்தபோது மேடையில் அபிதான் நின்றாள். ஆடினாள். நடுவில் அடவு மறந்து அப்படியே நின்றுவிட்டாள். அரசரையே சாகவிடாத மனிதர், கயிற்றை விட்டுவிட்டு ஓரத்தில் நின்று தொடையில் தாளம் தட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். காவலாளி சாவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு அண்ணையை ஏகமனதாக நீக்கியது. ஏகமனதில் என் மனமும் இருந்தது. நீக்கல் கடிதத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நானே. அண்ணை நின்றபடி வாசித்தார்.

"நல்ல தமிழ். ஆனா நீளம் கூடிப்போச்சு," என்றார். பிறகு தேத்தண்ணி தந்தார்.

அபி இன்றும் மேடையேறுகிறாள். ஆடி முடித்ததும் முதல் கும்பிடு சபைக்கு இல்லை, திரையோரத்துக்கு. அன்று நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. உங்களை எனக்கு நல்லாப் பிடிக்கும், அண்ணை. இதுவும் நீளுது, திரையை இழுங்கோ.