சைடு பி வைத்த வெற்றிலை பாக்கு

மனிதர்களை ஓட வைப்பதில் எங்கள் சைடு பிக்கு இணையாகக் கோயமுத்தூரில் இன்னொருவர் பிறக்கவில்லை. கையில் தடி கிடையாது, வாயில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஒரு கேசட் இருந்தது, அவ்வளவுதான்.

சிங்காநல்லூரில் எங்கள் வீதி முனையில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. தனிக்கட்டை. அந்தக் கேசட்டில் இருந்தது நாலு சடைமுடிக்காரர்கள் சீமையில் எந்தக் காலத்திலோ பாடிவைத்த ஒரு ராக் ஆல்பம். பெயரைச் சொன்னால் நீங்கள் கேட்டுவிட்டு அவரிடம் பேசப் போய்விடுவீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். முதல் பக்கப் பாட்டுகளுக்கு எல்லாருமே தலையாட்டுவார்கள். கேசட்டைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அதிலும் பாதிக்கு மேல் கிடார் மட்டும் அழும். அப்போதுதான் எல்லாருக்கும் அடுப்பில் பால் வைத்தது ஞாபகத்துக்கு வரும். அந்த இரண்டாம் பக்கத்தால்தான் வீதியில் அவருக்கு 'சைடு பி' என்ற பட்டப்பெயர்.

ஒருமுறை சூலூர் விவசாயி ஒருவர் எரிந்துபோன மோட்டாரோடு வந்து மாட்டிக்கொண்டார்.

"ஏனுங்க, அங்க வாழை வாடுதுங்க. மோட்டாரைக் குடுத்தீங்கன்னா போயிருவேன்."

"மோட்டார் ரெடிங்க. இன்னுங்கொஞ்சம் இருந்தீங்கன்னா டிரம்ஸ் வந்துருமுங்க."

அவர் அதோடு கிணற்றை மூடிவிட்டு மானாவாரிக்கு மாறிவிட்டதாக வீதியில் பேச்சு.

போன வருஷம், அந்த ஆல்பம் உருவான கதையை ஆவணப்படமாக எடுத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நம்மூர் மால் ஒன்றில் ஒரே ஒரு காட்சி, ஞாயிற்றுக்கிழமை காலை. சைடு பி புது வேட்டி எடுத்தார். பட்டறைக் கதவில் 'ஞாயிறு விடுமுறை' என்று போர்டு மாட்டினார். அந்தப் பட்டறை எந்த ஞாயிறும் திறந்ததில்லை.

வியாழக்கிழமை தியேட்டர் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. நான் அப்போது பட்டறையில்தான் இருந்தேன்.

"பாதி சீட்டாவது ரொம்பினாத்தான் சார் ஷோ. இதுவரைக்கும் ஒரே ஒரு டிக்கெட்தான் புக் ஆயிருக்கு."

"அது நானுங்க."

"அதான் சார், கேன்சல் பண்ணிரலாம்னு..."

"சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க. நான் ரொப்பிப்போடறேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தன வருசமா இந்தப் பொட்டியில தனியாக் கேட்டாச்சுங்க. பெரிய ஸ்பீக்கர்ல, நாலு சனத்தோட உக்காந்து, கடைசி வரைக்கும் ஒருக்காக் கேட்டுப்போடோணும்."

எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்குப் போனில் கூப்பிட்டால் போகலாம், போகாமலும் இருக்கலாம். வாட்ஸப்பில் பத்திரிகை வந்தால் கும்பிடும் பொம்மையை அனுப்பிவிட்டு மறந்துவிடலாம். வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலுக்கு வந்து கூப்பிட்டால் மட்டும் தப்ப முடியாது. மறுநாள் காலை சைடு பி புது வேட்டியில், தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு சகிதம் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"ஞாயித்துக்கிழமை நம்ம படமுங்க. குடும்பத்தோட வந்திருந்து நடத்திக் குடுக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை மால் காவலாளி பயந்துபோனார். மொத்த வீதியும் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக எஸ்கலேட்டரில் ஏறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு சரசக்கா மொய்க் கவரோடு பாப்கார்ன் கவுன்டருக்குப் போய், "மொய் எங்கீங்க எழுதறாங்க?" என்று கேட்டார். வாசலில் சைடு பி சந்தனக் கிண்ணத்தோடு நின்று ஒவ்வொருவரையும் வாங்க வாங்க என்று உள்ளே அனுப்பினார்.

படம் ஓடியது. எல்லாரும் இங்கிலீஷில் பேசினார்கள். அந்த இரண்டாம் பக்கப் பாட்டு வந்தது, கிடார் அழுதது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. சாப்பாடு போடுவதற்கு முன் எழுந்துபோவது எங்கள் ஊரில் பெரிய மரியாதைக் குறைவு.

வெளியே வந்ததும் சரசக்கா தீர்ப்புச் சொன்னார். "சண்டை போட்டுப் பிரிஞ்ச பசங்க, வயசான காலத்துல ஒண்ணா உக்காந்து டீ குடிச்சாங்க பாருங்க, அங்க எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அப்படீங்களாக்கா? அது படத்துல எந்த எடத்துல வந்துச்சுங்க?" என்றார் சைடு பி.

"நீங்க பாக்கலீங்களா தம்பி?"

"கூப்பிட்டவனே உள்ள போயி உக்காந்துக்கிட்டா, வாரவங்கள ஆருங்க வாங்கன்னு சொல்றது?"

பெண்ணைப் பெற்றவர் தாலி கட்டுவதை எங்கே பார்க்கிறார், அந்தக் கதைதான். அத்தனை நேரமும் மனிதர் வாசலிலேயே நின்றிருக்கிறார். பிறகு எல்லாரையும் பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டிப்போய் இலை போட்டுச் சாப்பாடும் வைத்தார்.

சரசக்கா கையைக் கழுவிக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனார். இந்தக் கூட்டம் வருமென்றால் மறுபடியும் போடத் தயார் என்றார் அவர். இரண்டு நாள் கழித்து, வெற்றிலை பாக்குத் தட்டோடு சரசக்கா பட்டறைக்குப் போனார். பின்னால் மொத்த வீதியும் போனோம்.

"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம படமுங்க. குடும்பத்தோட வந்துபோடோணும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "எனக்கு ஏதுங்கக்கா குடும்பம்?"

"ஏன், நாங்க வராமப் போயிருவமா? எடுத்துக்குங்க."

அந்த ஞாயிறு அவரை நடுவரிசையில் உட்கார வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நான் வாசலில் நின்றேன். உள்ளே கிடார் அழ ஆரம்பித்தது கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பாட்டை முழுசாகக் கேட்கவேண்டும் போல இருந்தது. ஆனால் வருகிறவர்களை வாங்க என்று சொல்ல வீட்டு ஆள் ஒருவர் வேண்டுமல்லவா?