பாலந்தியும் பேயந்தியும்

மழை குறைவாகவும் அரசாணைகள் தாராளமாகவும் பொழிகிற நாடு ஒன்று இருந்தது. நிரைநாடு என்று பெயர். அதன் குன்றுகளில் அந்திப்பூ பூக்கும். கோடையெல்லாம் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்துவிட்டு, முதல் மழை விழுந்ததும் வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும்.

அதில் இரண்டு வகை உண்டு. பாலந்தியின் கிழங்கை அவித்துத் தின்றுதான் குடிமக்கள் வறண்ட மாதங்களைக் கடத்தினார்கள். பேயந்தியின் கிழங்கைத் தின்றவர் பிழைப்பது அரிது. பூ ஒன்றுபோலவே இருக்கும். பேயந்திக் கிழங்கின் தோலுக்கு அடியில் ஓடும் மெல்லிய ஊதா ரேகை ஒன்றுதான் வேறுபாடு. குன்றில் தோண்டுகிறவர்களுக்கு அது தெரியும். நகரத்தார் பெயரைக் கேட்டு வாங்குவார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

அரசுத் தாவரத் தோட்டத்தின் தலைவி நப்பின்னை. வெறும் பாறையாகக் கிடந்த மேட்டைத் தோட்டமாக்கியவள். செடிகளுக்குப் பெயரிடும் உரிமையும் நாட்டில் அவளுக்கு மட்டுமே இருந்தது. ஒருநாள் ஒருமைத்துறை அமைச்சர் விசயகேதனர் அவளை வரவழைத்தார்.

“ஒரு மன்னர், ஒரு கொடி. பூ மட்டும் ஏன் இரண்டாக இருக்க வேண்டும்? இரண்டையும் ஒரே இனமாக அறிவித்துவிடுங்கள். அரசந்தி என்று பெயர் வைக்கலாம். மன்னருக்குப் பிடித்திருக்கிறது.”

“ஐயா, ஒன்று நஞ்சு.”

“நஞ்சு என்பது முந்தைய ஆட்சியின் கருத்து” என்றார் அமைச்சர், கோபமே இல்லாமல்.

மறுத்தால் தோட்டத்தை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதையும் அவர் அன்போடு விளக்கினார். நப்பின்னை ஒரு வாரம் யோசித்தாள். பெயர் செப்பேட்டில்தானே மாறுகிறது, சந்தையில் மக்கள் வழக்கம்போல் கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். முத்திரை வைத்தாள்.

பழைய பெயர்களைச் சொல்வது குற்றம் என்று முதல் ஆணை வந்தது. கிழங்கு இனி அரசுக் களஞ்சியத்தில் மட்டுமே கிடைக்கும் என்று அடுத்தது. பிறகு, பேயந்தியைத் தோண்டாமல் விட்டுவந்தவர்களைப் பிரிவினைவாதிகள் என்று பிடித்துப் போனார்கள். எஞ்சியவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் தோண்டிக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

நகரத்தில் சாவு விழத் தொடங்கியது. நப்பின்னையின் பக்கத்து வீட்டு நெசவாளி குருந்தனும் ஒருநாள் இரவுச் சோறு உண்டுவிட்டுப் படுத்தவன் எழவில்லை. அரசு விசாரணைக் குழு உடனே வந்து உடலைப் பார்வையிட்டது. இறந்தவர் பழைய பெயரை மனத்தில் வைத்துக்கொண்டே உண்டதால் கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு சொல்லிவிட்டு, அனுதாபத்தையும் தெரிவித்துப் போயிற்று.

கூட்டம் கலைந்த பின் அவன் மனைவி தையலி நப்பின்னையின் வாசலுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அக்கா, நீங்க தோட்டத்து ஆளு. உங்களுக்குத் தெரியும். என் கையால அவிச்சுப் போட்டேனே, அது எது?”

நப்பின்னையால் அதைச் சொல்ல முடியவில்லை. தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல. அந்தப் பெயரைச் சொன்னால் தையலி வாழ்நாளெல்லாம் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லாவிட்டாலும் அப்படித்தான். தையலி திரும்பிப் போனாள். அன்றிலிருந்து நப்பின்னைக்குத் தோட்டத்துக்குள் நுழையவே கூசியது.

அந்த மாதமே அரண்மனையில் ஒருமை விழா நடந்தது. அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விருந்தில் இலைக்கு இலை அரசந்திப் பொரியல். அமைச்சர் இரண்டாம் முறை கேட்டு வாங்கி, ரசித்துச் சாப்பிட்டார். இவர் எந்தத் துணிச்சலில் சாப்பிடுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. கை கழுவப் போகிறவள்போல் எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள்.

அங்கே கிழங்குகள் இரண்டு மூலைகளில் தனித்தனியாகக் குவிந்திருந்தன. ஒரு குவியலில் ஒன்றில்கூட ஊதா ரேகை இல்லை. இன்னொன்றில் பெரும்பாலும் ரேகை ஓடியவைதான். இது என்ன கிழங்கு என்று சமையற்காரனைக் கேட்டாள். அரசந்தி என்றான். அது? அதுவும் அரசந்திதான் என்றான்.

“அப்புறம் எதுக்குத் தனித்தனியா வச்சிருக்கே?”

அவன் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். “இது இங்க சமைக்கிறதுங்க. அது களஞ்சியத்துக்குப் போறது.”

பொன்னாடையை அங்கேயே மடித்து வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். விருந்து முடியும்வரை அவளை யாரும் தேடவில்லை.

மறுநாள் காலை களஞ்சியத்துக்கு எதிரே, சந்தை நடுவில், சாக்கை விரித்து உட்கார்ந்தாள். கிழங்கு வாங்கி வந்தவர்களிடம் கை நீட்டினாள். தோலைக் கீறிப் பார்த்து, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் போட்டாள். எந்தப் பெயரையும் சொல்லவில்லை. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. தையலி வந்து எதிரே நின்று பார்த்தாள். வெகுநேரம் கழித்துச் சாக்கின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு கிழங்கை எடுத்துக் கீறினாள். ரேகையைக் கண்டதும் அவள் கை நின்றது. பிறகு அடுத்ததை எடுத்தாள்.

உச்சிவேளைக்குள் வரிசை சந்தைமுனை தாண்டிப் போயிற்று. காவலர்கள் வந்து சட்டச் சுவடியைப் புரட்டிப் பார்த்தார்கள். பெயர் சொல்வதுதான் குற்றம். இவர்கள் வாயே திறக்கவில்லை. மேலிடத்தைக் கேட்கப் போனார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பறையறைவோன் வந்து புதிய ஆணையை முழங்கினான். அரசந்திக் கிழங்கை இரண்டாகக் குவிப்பது நாட்டை இரண்டாக்குவதற்குச் சமம், நாளை விடிந்ததும் இது நடைமுறைக்கு வரும் என்று மூன்று முறை சொன்னான். கூட்டம் மெல்லக் கலைந்தது. காவலர்களும் போனார்கள்.

பறையறைவோன் போகவில்லை. பறையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சாக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மேல்துண்டை விரித்தான்.

“வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு தாயி” என்றான், நப்பின்னைக்கு மட்டும் கேட்கும்படி. “நான் எந்தப் பக்கம் எடுக்கணும்?”

அவள் பதில் சொல்வதற்குள், தையலி அவன் துண்டைத் தன் பக்கம் இழுத்து நிரப்பத் தொடங்கியிருந்தாள்.