பெர்லின் டாக்டரும் பழைய மெத்தை வண்டியும்

இஸ்தபலாபா, மெக்சிகோ நகரம்
வியாழக்கிழமை

என் மனைவியின் அண்ணனும், என் மகள் யாரெட்ஸியின் ஞானத்தந்தையுமாகிய மரியாதைக்குரிய அபுண்டியோ மச்சான் அவர்களுக்கு, ஃபிடென்சியோ எழுதிக்கொள்வது.

பூவெப்லாவில் தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் பஞ்சர் கடையும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். நாங்கள் நலமாக இல்லை. காரணம் தாங்கள்தான். எதிர்த்துக் கேள்வி கேட்டதற்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள். அதனால் காகிதத்தில் எழுதி, பூவெப்லா பஸ் ஓட்டும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

யாரெட்ஸிக்கு ஒரு வயது முடிந்து ஏழு வாரம் ஆகிறது. தட்டம்மைத் தடுப்பூசி போட வேண்டும். அதற்குக் கிளம்பிய அன்று காலை உங்கள் தங்கை மரிக்ரூஸ் குழந்தைக்குத் தலை வாரி, மஞ்சள் கவுன் மாட்டி, வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில் உங்கள் ஆடியோ வந்து விழுந்தது. பெர்லினிலிருந்து ஒரு பெரிய டாக்டர் பேசுகிறாராம், அந்த ஊசி போட்டால் குழந்தைக்குப் பேச்சே வராதாம், யாராவது இதை அழித்துவிடுவதற்குள் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்க அண்ணன் பொய் அனுப்புமா?" என்கிறாள். மச்சான், சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டுக்கொண்ட நீங்கள் இன்றுவரை ஒரு நிமிஷம் வாயை மூடியதுண்டா?

நான் மினி பஸ் ஓட்டுகிறவன், எனக்கு மருத்துவம் தெரியாது. அதனால் சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸ் ஒப்துலியாவிடம் போனை நீட்டினேன். "டாக்டருக்குப் பேர் என்ன? எந்த ஆஸ்பத்திரி? எப்பப் பேசினது? ஒண்ணுமே காணோமே ஐயா. பயமுறுத்துறவன் அவசரப்படுத்தினா அங்கேயே சந்தேகப்படணும்" என்றார் அந்தம்மா. ஊசியால் வந்த கொப்புளம் என்று ஆடியோவோடு நீங்கள் அனுப்பிய குழந்தை படத்தையும் இணையத்தில் தேடிக் காட்டினார். பல வருஷத்துக்கு முன்னால் மேலே வெந்நீர் கொட்டிப் புண்ணான குழந்தையாம் அது. பிறகு, "ஆடியோவைச் சத்தமா வைங்க" என்றார். வைத்தேன். டாக்டர் பேசுகிறார், அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு சின்னப் பெண் குரல், பழைய மெத்தை, அடுப்பு, துருப்பிடித்த இரும்பு எல்லாம் வாங்குகிறோம் என்று கூவிக்கொண்டே போகிறது. தினமும் எங்க தெருவுல போற அதே வண்டி! வரிசையில நின்ன அம்மாமார் எல்லாம் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை மச்சான். பெர்லினுக்கு எந்த ரோட்டுல போச்சு அந்த வண்டி?

எதிர்வீட்டு செலஸ்டீனா மக தட்டம்மை வந்து ஆஸ்பத்திரியில கிடக்குது, மூக்குல குழாய். போன வாரம் வரைக்கும் அதுவும் நம்ம புள்ளையும் ஒரே பந்தை உருட்டி விளையாடிச்சுங்க. ராத்திரி பகல்னு இல்லாம நான் புள்ள நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். நீங்க என்னடான்னா கட்டைவிரலால ஒரு அமுக்கு அமுக்கிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டீங்க. டியூபுக்கு ஒட்டுப் போட்டா தண்ணியில முக்கி, குமிழி வருதான்னு பார்த்துட்டுத்தானே குடுக்கிறீங்க? டியூபுக்குப் பண்ணுற சோதனையைப் புள்ள விஷயத்துல பண்ணக் கூடாதா? இனிமே என் வீட்டு வாசப்படியை மிதிக்காதீங்க, சொல்லிட்டேன்.

தங்கள் இல்லத்தில் தங்களைத் தவிர அனைவருக்கும் என் அன்பைத் தெரிவிக்கவும். மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும், தங்களுக்குக் கொஞ்சம் காதையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கொதிப்பு அடங்காத
ஃபிடென்சியோ

பி.கு.: மெத்தை வண்டிச் சத்தத்தை மரிக்ரூஸுக்கும் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏங்க, பெர்லின்ல மட்டும் பழைய மெத்தை இருக்காதா?" என்றாள். ஊசி இன்னும் போடவில்லை. நான் சொன்னாலும் ஏறவில்லை, நர்ஸ் சொன்னாலும் ஏறவில்லை, அண்ணன் சொன்னால்தான் அவளுக்கு வேதம். ஆகவே மேலே உள்ள திட்டு, வாசப்படி, எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள் மச்சான். நீங்களே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசி வரிசையில் நில்லுங்கள். அந்தப் பெர்லின் டாக்டருக்கு யாரெட்ஸி யாரென்றே தெரியாது. ஞானஸ்நானத்தன்று உங்கள் கையில் மட்டும்தான் அவள் அழாமல் இருந்தாள்.