புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு கம்ப்யூட்டர் வறுவல்

நான் ஓர் இயற்பியல் ஆசிரியை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் தெரியவந்தால் உங்களுக்கு என் மீது இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காக வெப்பம் நடத்துகிறேன். வெப்பம் எப்படிப் பரவும், எதில் வேகமாகப் போகும், எதில் போகவே போகாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான் ஒரு கம்ப்யூட்டரைக் குளிர வைக்கப் போய், அதை முறுக்கு போல வறுத்தெடுத்தேன். அதுவும் சீர் பலகாரத்துக்கு வாங்கி வைத்திருந்த கடலை எண்ணெயில்.

ஆன்லைன் வகுப்பு எடுத்த காலத்தில் ஆரம்பித்த ஆசை அது. கிரிப்டோ மைனிங் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பணத்தை விட, அது உள்ளே என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கை அரித்தது. (பணத்துக்காகச் செய்தேன் என்று சொன்னால் இன்னும் கௌரவமாக இருக்கும். ஆனால் உண்மை இதுதான்.) ஒரு பூட்டு. அதைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. முதலில் திறப்பவருக்குப் பரிசு. உடனே அடுத்த பூட்டு. நான் புரிந்துகொண்டது அவ்வளவுதான். இதற்குச் சாதாரண கம்ப்யூட்டர் போதாது, வீடியோ கேமுக்குப் போடும் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். மூடிப்போன ஒரு கேம் சென்டரிலிருந்து பழைய கார்டுகள் ஐந்து வாங்கினேன்.

பெருவெள்ளம் வீட்டுக்குள் புகுந்த பிறகு எங்கள் முடிச்சூரில் எல்லாரும் செய்த மாதிரி நாங்களும் மாடியில் ஓர் அறை எழுப்பியிருந்தோம். ஷீட் போட்ட அறை. அங்கே ஒரு இரும்புச் செருப்பு ஸ்டாண்டைக் கழுவித் துடைத்து, அதில் ஐந்து கார்டுகளையும் வரிசையாகக் கட்டி நிறுத்தினேன். என் கணவர் ரவி கூட இருந்து ஸ்க்ரூ முடுக்கினார்.

"கவி, இது நிஜமாவே ஓடுமா?"

"ஓடும்."

"எரியாதே?"

"நான் ஃபிசிக்ஸ் டீச்சர்ங்க."

அது ஓடியது. எரியவும் இல்லை. ஆனால் ஒரு இஸ்திரிப்பெட்டியை நாள் முழுக்க நிறுத்தாமல் போட்டு வைத்தது போல அறை கொதித்தது. கார்டுகளின் சூடு எண்பத்தாறு டிகிரி. விசிறிகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மாவு மெஷின் வாங்கினோமா என்று விசாரித்தார்.

இதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் மாமியார். அத்தை முடிச்சூரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் இங்கே நெல் போட்டவர்கள், இப்போது மூன்று கடைகளை வாடகைக்கு விட்டிருப்பவர்கள். மழைக்காலத்தில் துணி காயவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவர், ஒருநாள் ஈரப் பாவாடையோடு மாடி ஏறினார். கார்டுகளின் பின்னால் வந்த அனலில் கையை நீட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் கொடி கட்டியாகிவிட்டது.

துணி காய்கிற நேரத்தில் அத்தை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அது என்னம்மா பண்ணுது?"

"கணக்குப் போடுது அத்தை. ஒரு நம்பரைத் தேடுது."

"கண்டுபிடிச்சா?"

"அடுத்த நம்பரைத் தேடும்."

"அப்போ முதல் நம்பர்?"

"அதுக்கு இனிமே வேலை இல்ல அத்தை."

அத்தை கொடியில் கிடந்த பாவாடையைத் திருப்பிப் போட்டார். "பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

துணிகளிலிருந்து பறந்த நூல்தூசு விசிறிகளில் போய் அடைத்தது. கார்டுகள் மாறி மாறி நின்றன. சுத்தம் செய்வேன், மறுபடி அடைக்கும். அத்தையிடம் கொடியை அவிழ்க்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அப்போதுதான் இணையத்தில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் யாரோ கம்ப்யூட்டரை அப்படியே எண்ணெய்க்குள் மூழ்க வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். விசிறிச் சத்தம் இல்லை, தூசு இல்லை. எண்ணெயில் மின்சாரம் பாயாது. காற்றை விட எண்ணெய் சூட்டை நன்றாக வாங்கிக்கொள்ளும். பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான்! எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர்கள் பயன்படுத்தியது அதற்கென்றே உள்ள எண்ணெய். எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று நான் முடிவு செய்தேன்.

அடுத்தது பாத்திரம். ஒழுகாத, ஆழமான பெட்டி ஒன்று வேண்டும். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் செல்வி அக்கா கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். அவரிடம் கேட்டேன்.

"பெரிய ஐஸ் பொட்டி கீது டீச்சர். பொரட்டாசில யாரு மீன் வாங்குறா, வூட்ல சும்மாதான் கெடக்குது. எதுக்கு?"

"கம்ப்யூட்டர் வைக்க."

அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தார். "எத்தினி வாட்டி கழுவினாலும் நாறும். அப்பால என்னாண்ட வந்து சொல்லக் கூடாது."

ஐந்து முறை கழுவினேன். மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. (எதுவும் குளிர்ச்சியாக இருக்கும்போது வாசம் தெரியாது, சூடானால்தான் கிளம்பும். இதுவும் இயற்பியல்தான்.)

அந்த வாரம் அத்தை கோவிலம்பாக்கத்தில் தன் தம்பி வீட்டில் இருந்தார். தம்பி மகள் திவ்யாவுக்கு ஐப்பசியில் கல்யாணம். சீர் பலகாரம் முழுவதும் அத்தை கைப்பக்குவம்தான் என்று பேசி முடித்து, அதற்காகவே இரண்டு டின் கடலை எண்ணெய் வாங்கி அடுப்படி மூலையில் வைத்திருந்தார். நான் ஒரு டின்னை ஊற்றினேன். கார்டுகள் பாதிதான் முழுகின. இன்னொரு டின்னையும் ஊற்றினேன். இரண்டு நாள் சோதனை, அப்புறம் புது டின் வாங்கி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று கார்டுகளோடு ஸ்விட்சைப் போட்டேன். ரவி கதவுக்கு வெளியே, ஒரு காலை படியில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஷாக் அடிக்கவில்லை. சத்தமே இல்லை. பொன்னிற எண்ணெய்க்குள் விசிறிகள் தேன் கிண்டுவது போல மெதுவாகச் சுற்றின. கார்டுகளின் நீல விளக்குகள் அடியிலிருந்து மின்னின. எண்பத்தாறில் இருந்த சூடு நாற்பத்திரண்டில் நின்றது. நான் கை தட்டினேன். ரவி மற்ற காலையும் உள்ளே வைத்தார். தூசு விழக்கூடாது என்று பெட்டியின் கெட்டி மூடியை இறுக்கிச் சாத்திவிட்டு, நான் கீழே போய்ப் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ஐம்பத்தெட்டு. ஆரம்பத்தில் கொஞ்சம் ஏறும், அப்புறம் நின்றுவிடும் என்று ரவியிடம் சொன்னேன். அடுத்த மணியில் எழுபத்தாறு. ஏன் ஏறுகிறது என்று உண்மையிலேயே புரியவில்லை. ஒரு நோட்டில் கட்டம் போட்டு, கால் மணிக்கு ஒருமுறை சூட்டைக் குறிக்க ஆரம்பித்தேன். கோடு நேராக மேலே போனது. அவ்வளவு அழகான நேர்கோடு ஆய்வகத்தில் எந்தப் பிள்ளைக்கும் வந்ததில்லை. அதைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தபோது ரவி மூக்கை உறிஞ்சினார்.

"கவி, யாரோ மீன் வறுக்கிறாங்க."

"புரட்டாசி மூணாவது சனிக்கிழமையா? யாருங்க அது?" என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.

கீழே கார் வந்து நின்றது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

அத்தை இறங்கினார். கூடவே திவ்யாவின் வருங்கால மாமியார் வசந்தா அம்மா. தாம்பரத்தில் புடவை எடுக்க வந்தவரை, "வீட்டுக்கு வந்து ஒரு காபி குடிச்சிட்டுப் போங்க, பலகாரம் பண்ற இடத்தையும் பாத்துருங்க," என்று அத்தைதான் கூட்டி வந்திருக்கிறார். வசந்தா அம்மா பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறவர். புரட்டாசி விரதத்தில் ரொம்பக் கண்டிப்பு. "எங்க வீட்ல புரட்டாசி பொறந்தா முட்டை கூட வாசப்படி ஏறாது," என்று அத்தை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது.

வசந்தா அம்மா கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சம்பந்தி, வஞ்சிரமா?"

அத்தை பக்கத்து வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "எங்க வீடா இருக்காதுங்க," என்றார். வாசம் மாடிப்படியில் இறங்கி வந்து அவர்கள் காலடியில் நின்றது.

"இல்லம்மா, தப்பா நெனைக்காதீங்க. சனிக்கிழமையும் அதுவுமா இந்த வாசனையில நான் தண்ணி கூட குடிக்க முடியாது. பலகாரம் பத்தி அப்புறமாப் பேசிக்கலாம்." அவர் திரும்பினார்.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தையின் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான். "மேல வாங்க. நீங்களே பாருங்க. ஒரு துண்டு மீன் இருந்தா, திவ்யா சீருக்கு நான் அடுப்பே பத்த வைக்கல."

இரண்டு பேரும் படி ஏறி வந்தார்கள். நான் மூடிக்கு முன்னால் நின்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். நகர்ந்தேன்.

மூடி திறந்தது. ஆவியும் மீன் வாசமும் முகத்தில் அடித்தன. உள்ளே எண்ணெய்க்குள் நீல விளக்குகளோடு மூன்று கார்டுகள். அத்தை நன்றாகக் குனிந்து பார்த்தார். மீன் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு மெதுவாக, "கவிதா, இது என்ன எண்ணெய்?" என்றார்.

ரவி மூலையில் கிடந்த இரண்டு காலி டின்களைக் காலால் மறைக்கப் பார்த்தார். ஒரு காலால் இரண்டு டின்னை மறைக்க முடியாது.

வசந்தா அம்மாவோ பெட்டியை விட்டு நகரவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உற்றுப் பார்த்தார். "கரண்டு ஓடுதா? ஷாக் அடிக்காதா?" என்றார். எண்ணெயில் மின்சாரம் பாயாது என்று விளக்கினேன். "எதுக்கு எண்ணெய்ல?" சூட்டைக் குறைக்க என்றேன். "இப்போ எவ்வளவு சூடு?" தொண்ணூறு என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, நீல விளக்குகள் அணைந்தன.

வசந்தா அம்மா பெட்டியின் சுவரை வெளிப்பக்கமாகத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. உள்பக்கம் ஓரத்தில் விரலை வைத்து வெடுக்கென்று எடுத்தார்.

"ஏம்மா, இது ஐஸ் பெட்டிதானே? எங்க மெஸ்ல சாம்பார் சூடு ஆறாம இருக்க இதுலதான் வெச்சு மூடுவோம். இதுக்குள்ள வெச்சா சூடு எப்படி வெளிய போகும்?"

நோட்டில் இருந்த நேர்கோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. குளிரை உள்ளே பிடித்து வைக்கும் பெட்டி சூட்டையும் பிடித்துத்தான் வைக்கும். இதை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான்.

"நீங்க எந்த சப்ஜெக்ட் டீச்சர்?" என்று வசந்தா அம்மா ஆர்வமாகக் கேட்டார்.

"தமிழ்," என்றேன்.

"ஃபிசிக்ஸ்," என்றார் அத்தை. அத்தைக்கு அந்த ஆங்கில வார்த்தை அவ்வளவு சுத்தமாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வசந்தா அம்மா முதலில் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. செருப்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அத்தையும் வேறு வழியில்லாமல் சிரித்தார். காபி மட்டும் குடிக்கவில்லை. எதிர்க்கடையில் இளநீர் வாங்கி, தெருவில் நின்றே குடித்தார்கள்.

அத்தை என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் புது டின்கள் வந்தன. முறுக்கு அச்சை என் கையில் கொடுத்தார். சீருக்கான நூற்றியொரு முறுக்கையும் நான்தான் பிழிந்தேன். கார்டுகளை எத்தனையோ முறை துடைத்தும் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. அவை அப்புறம் ஓடவே இல்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது செல்வி அக்கா மோந்து பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், இதுல பஜ்ஜி போட்டியா?" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வசந்தா அம்மா மேடையிலேயே தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் என்னை அறிமுகப்படுத்தினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. இப்போதும் வாரம் ஒருமுறை மெஸ்ஸிலிருந்து போன் வரும். பிரஷர் குக்கர் ஏன் விசில் அடிக்கிறது, மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என் மாணவர்களில் யாரும் இவ்வளவு கேட்டதில்லை. போன வாரம் கேட்டார்: "டீச்சர், கூடம் குளிர ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வெச்சா என்ன?"

"வேண்டாம்மா. குளிராது. கூடம் இன்னும் சூடாகும்," என்றேன் உறுதியாக.

உடனே எங்கள் இரண்டு குடும்பத்திலும், நான் எதைப் பற்றி எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், எல்லாரும் கேட்கிற அதே கேள்வி வந்தது.

"படிச்சதா, வறுத்ததா?"