சைமனின் ப்ளக் சட்டம்

"வானம் ஒரு தடவை உறுமினாப் போதும், இந்த ஊட்டுல ஒரு ப்ளக் சுவத்துல இருக்கக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் யாரும் திருப்பிச் சொருகக்கூடாது!"

கணபதி பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் காயில் கட்டும் சைமன், ஐப்பசி பிறந்ததும் வீட்டில் இப்படியொரு சட்டம் போட்டான். காரணம், எதிர்வீட்டுப் பாவாத்தாள் அக்கா. முதல் நாள் இடியில் அவர் வீட்டு டிவியும் ஃபிரிட்ஜும் ஜோடியாகப் புகைந்துபோயிருந்தன.

அவன் மனைவி டீனாவுக்கு டிவியைப் பற்றிக் கவலையில்லை. எட்டு மாதக் குழந்தை சாராவுக்கு மழைக்காற்று பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். உடனே கரண்டில் ஓடும் நெபுலைசர் வைத்து மருந்தை ஆவியாகக் கொடுக்க வேண்டும். மழையும் இடியும் என்றைக்குத் தனித்தனியாக வந்திருக்கின்றன?

"ஏனுங்க, ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மெயின் போர்டுல சர்ஜ் புரொடக்டர் மாட்டிப்போடலாமுங்க. இடியில கரண்டு எகிறினா அது தடுக்கும்னு நெபுலைசர் கடைக்காரரே சொன்னாருங்க."

"மோட்டார் கட்டறவன் ஊட்டுக்கு எலக்ட்ரீசியனா? சாமியார் ஊட்டுக்கு ஜெபம் சொல்ல ஆள் புடிப்பியா அம்மணி? நானே மாட்டறேன்."

"எப்பங்க?"

"ஞாயித்துக்கெழமை."

"எந்த ஞாயித்துக்கெழமைங்க?"

முதல் ஞாயிறு சர்ச்சில் பாடகர் குழு. அடுத்தது அவிநாசியில் கல்யாணம். மூன்றாவது, அந்தக் கல்யாண விருந்து செரிப்பதற்காக ஓய்வு.

"சரிங்க" என்றாள் டீனா. அவள் இவ்வளவு சுருக்கமாகச் 'சரிங்க' சொன்னபோதே சைமன் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

நாலாவது வாரம், புதன்கிழமை சாயங்காலம், அவர்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் ஜெபம் சொல்ல வந்து உட்கார்ந்தன. வானம் உறுமியது. சைமன் பாய்ந்தான். ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மிஷின், டேபிள் ஃபேன், எல்லா ப்ளக்கும் தரைக்கு வந்தன. விருந்தாளிகள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள்.

அப்போது சாராவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. பூனைக்குட்டிக்கு இருப்பது போன்ற விலா உள்ளே போய்ப் போய் வந்தது. டீனா நெபுலைசரைச் சொருகினாள்.

"கழட்டு கண்ணு! மெஷின் போயிரும்!"

"மாட்டேனுங்க."

"நான் சொல்றேன்ல!"

"நீங்க ஜெபம் சொல்லுங்க. நான் மருந்து போடறேன்."

ஜன்னல் வெளுத்தது. விழுந்த இடியில் தெருவே குலுங்கியது. பக்கத்து வீட்டில் ஏதோ 'டப்' என்றது. இங்கே விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியதோடு சரி. நெபுலைசர் கொர்ரென்று ஓடிக்கொண்டேயிருந்தது. பத்து நிமிடத்தில் சாராவின் விசில் அடங்கியது.

சைமனின் நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தீங்களா? எல்லாம் நான் போட்ட எர்த் கம்பிங்க!"

அன்பியத் தலைவர் ஜெபமணி நன்றி மன்றாட்டைத் தொடங்கினார். ஒவ்வொருவராக நன்றி சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். நடுவே வாதாட யாருக்கும் வழியில்லை. டீனா கண்களை மூடிக்கொண்டாள்.

"என் கணவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சாயிரா பானு என்ற எலக்ட்ரீசியன் அக்காவை அனுப்பி, சர்ஜ் புரொடக்டரும் புது எர்த்தும் போட வைத்ததற்காக..."

"உமக்கு நன்றி ஆண்டவரே!"

சைமன் ஒரு கண்ணைத் திறந்தான். டீனா இரண்டையும் இறுக மூடியிருந்தாள்.

"மூன்று வருடமாக எங்கள் பழைய எர்த் கம்பி மண்ணில் இறங்காமல் ரோஜாத் தொட்டியில் சொருகியிருந்ததை அந்த அக்கா கண்டுபிடித்ததற்காக..."

"உமக்கு நன்றி ஆண்டவரே!" இந்தத் தடவை சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"இதையெல்லாம் கேட்ட பிறகும் கோபப்படாத ஒரு கணவரை எனக்குத் தந்ததற்காக..."

எல்லாரும் கண்ணைத் திறந்து சைமனையே பார்த்தார்கள். அவன் சாராவைப் பார்த்தான். வாயைப் பிளந்துகொண்டு, சத்தமில்லாமல் மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உமக்கு நன்றி ஆண்டவரே!" என்றான், தெருவுக்கே கேட்கும்படி.

ஆண்டவரிடமே சொல்லியாகிவிட்டது. இனி பொண்டாட்டியிடம் கோபப்பட ஏது வழி?