உன் அண்ணன் தம்ளரில் அடிதான் நனைந்தது

கொட்டாம்பட்டி,
ஆடி மாதம்.

அன்புள்ள சீனியம்மாளுக்கு முத்துக்கருப்பன் எழுதிக்கொண்டது. நான் நலம், கறவை மாடு நலம், நிலக்கடலை பூ விட்டிருக்கிறது. ஓசூரில் நீ, மகள் அஸ்வினி, மாப்பிள்ளை ராம்கி, பேத்தி எல்லோரும் நலமாயிருக்க அழகர் துணை. போனில் பேசினால் ஆகாதா என்பாய். போன் போட்டால் அஸ்வினி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். மாப்பிள்ளை காதுபடப் பெண்டாட்டியிடம் என்னத்தைப் பேசுவது? பேத்திக்குச் சளி விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி பள்ளிக்கூடம் போகும்வரை நீ அங்கேயே இருக்க வேண்டுமென்று மாப்பிள்ளை பிரியப்படுகிறார். நீ இல்லாமல் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லை என்ற என் ஒரே சாக்கையும் ஒழிக்கத்தான் தானாக நகர்ந்து தண்ணீர் தெளிக்கும் மிஷினை வாங்கி அனுப்பினார். பெரிய உருளையில் குழாய் சுற்றியிருக்கிறது, குழாய் நுனியில் சக்கரம் வைத்த பீச்சான். பீச்சானைக் காட்டின் அந்தக் கோடிக்கு இழுத்துப்போய் விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால், உருளை குழாயைச் சுற்றி இழுக்க, பீச்சான் தண்ணீர் அடித்துக்கொண்டே ஆமை மாதிரி திரும்பி வரும். முதல் நாள் அதைக் கோடிக்கு இழுத்துப்போக மறந்துவிட்டேன், நின்ற இடத்திலேயே அடித்துக் குளம் கட்டிவிட்டது. மறுநாள் இழுத்துப்போனேன், ஆனால் எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்பதைத் திருகி வைக்கவில்லை, ரோட்டைத் தாண்டி அடித்தது. வெள்ளைச் சட்டை போட்டுக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய பக்கத்துக் காட்டுச் சோணை தொப்பலாக நனைந்துவிட்டான். திட்டுவான் என்று பார்த்தால், "ஒத்தையில என்னண்ணே செய்வீக, மதினி எப்ப வாராக?" என்றான். திட்டியிருக்கலாம்.

எல்லா இடத்திலும் ஒரே அளவு தண்ணீர் விழுகிறதா என்று பார்க்க, "காட்டுக்குக் குறுக்க ஒரே மாதிரிப் பாத்திரமா வரிசையா வைங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. ஒரே மாதிரிப் பாத்திரத்துக்கு நான் எங்கே போவேன்? பரணில் நீ சாக்கில் கட்டி வைத்திருந்த நம் கல்யாணச் சீர்த் தம்ளர்களை இறக்கினேன். கோபப்படாதே. எல்லாவற்றிலும் கொடுத்தவர் பேர் வெட்டியிருந்ததால், மரியாதையாக உன் பக்கத்தாரை மேற்கேயும் என் பக்கத்தாரைக் கிழக்கேயும் வைத்தேன். கடைசியில் பார்த்தால் என் அக்கா பாண்டியம்மாள் தம்ளரில் பாதித் தண்ணீர், உன் அண்ணன் மலையாண்டி தம்ளரில் அடிதான் நனைந்திருந்தது. சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை, ஆடி மேல்காற்றின் வேலை அது. பிறகு காற்றில்லாத விடியற்காலையில் ஓட்டி, பீச்சான் வரும் தடங்களையும் நெருக்கிப் போட்டேன். இப்போது இரண்டு பக்கத்துச் சொந்தமும் சமம். நம் கல்யாணப் பந்தியில்கூட அப்படி இருந்ததில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் மடைப் பக்கம் பார்த்து, "பாஞ்சிருச்சா?" என்று கத்திவிட்டேன். "இன்னுங் கொஞ்சம்" என்று நீதானே சொல்வாய். பீச்சான் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மற்றபடி மிஷின் அருமை. என்னைப் பற்றிக் கவலைப்படாமல் பேத்தி பள்ளிக்கூடம் போகும்வரை இரு. பேத்திக்கு முத்தம், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
முத்துக்கருப்பன்

பி.கு.: மேலே மிஷினைப் பற்றி எழுதியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டு, இதை மட்டும் மடித்துக்கொள். மிஷின் ரிப்பேர் என்று மாப்பிள்ளைக்குப் போன் செய்யப்போகிறேன், நீயும் ஆமாம் போடு. நேற்றுச் சோணை மறுபடியும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன், வாயில் அப்படித்தான் வந்தது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன்.